பிள்ளைகளுக்கு மேகங்களை அடையாளம் காட்டுவது எப்படி? பஞ்சு ஒட்டிப் பார்த்துவிட்டேன்

மண்டபம் மாலை வகுப்பு
ஜூலை 3, இரவு 9.20

வணக்கம். மண்டபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் 14 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை கலந்து இருப்பார்கள், பாதிப் பேருடைய அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள். போன வாரம் மேகங்களை எடுத்தேன். நீலச் சார்ட்டில் பஞ்சு ஒட்டி, கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம், கார்முகில் என்று நான்கையும் எழுதினோம். எல்லோரும் அழகாகத்தான் செய்தார்கள். முடித்ததும் முற்றத்துக்குக் கூட்டிப் போய், மேலே இருப்பது என்ன மேகம் என்று கேட்டேன், ஒருவர் கூடச் சொல்லவில்லை. ஒரு பையன் மட்டும் "டீச்சர், சார்ட்டில் இருக்கிற மாதிரி மேலே ஒண்ணுமே இல்லையே" என்றான்.

அவன் சொன்னது சரிதான். சார்ட்டில் நான்கும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கின்றன, நான்கும் ஒரே பஞ்சு. மேலே அன்றைக்கு இரண்டு மூன்று விதம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது, எனக்கும் சட்டென்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

இன்னொரு சிக்கல் பெயர்களில். கீற்று என்றதும் பிள்ளைகள் கூரை வேய்கிற தென்னங்கீற்றைச் சொல்கிறார்கள். படை என்றால் ராஜாவின் படை. கீற்று மேகம் பனிப் படிகங்களால் ஆனது என்று படித்தால் மார்கழியில் வாசலில் விழும் பனியை நினைத்துக்கொண்டு, இந்த வெயிலில் பனி எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள்.

கடலோரத்தில் பிறந்து, வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற வீடுகளில் வளரும் பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்கு மேகம் தெரியாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யாராவது செய்து பார்த்த வழி இருந்தால் சொல்லுங்கள்.


புவியியல் வாத்தியார், பரமக்குடி
ஜூலை 3, இரவு 10.05

அம்மா, முதலில் அந்தச் சார்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். பெயரை முன்னால் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மேகத்தைப் பார்க்க மாட்டார்கள், பெயரைத்தான் தேடுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் நடத்தியவன் சொல்கிறேன்.

முதல் வாரம் ஒரே ஒரு கேள்வி போதும்: மேலே இருப்பது குவியலா, விரிப்பா, இழையா? நெல் அம்பாரம் மாதிரி அடி தட்டையாகவும் தலை உருண்டையாகவும் இருந்தால் குவியல். பாய் விரித்த மாதிரி ஓரம் தெரியாமல் மூடியிருந்தால் விரிப்பு. வாரிய முடி காற்றில் பறப்பது மாதிரி மெல்லிய கோடுகளாக இருந்தால் இழை. இந்த மூன்றைத்தான் 1802இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் ஒரு சிறு கூட்டத்தில் பேசும்போது பிரித்துச் சொன்னார். அவர் மருந்து தயாரித்து விற்றவர், வானிலை பார்ப்பது அவருடைய தொழில் இல்லை, ஆசைக்குப் பார்த்தவர். முடிச்சுருள், குவியல், விரிப்பு என்று பொருள்படும் லத்தீன் சொற்களையும், மழை தருவதற்கு ஒரு சொல்லையும் அவர் வைத்தார். நம் புத்தகத்தில் இருக்கிற கீற்று, திரள், படை, கார் எல்லாம் அந்த நான்கிலிருந்து வந்தவைதான். படை என்றால் தமிழில் அடுக்கு என்றும் பொருள் உண்டு, அதை ஒரு தடவை சொல்லிவிட்டால் ராஜாவின் படை போய்விடும். இந்த நான்கு சொற்களையும் சேர்த்துச் சேர்த்துத்தான் இன்றைக்கு உலக வானிலை அமைப்பின் மேக அட்டவணையில் பத்து வகைகள் இருக்கின்றன.

இரண்டாவது வாரம் உயரம். இதில்தான் எல்லோரும் தடுமாறுவோம், ஏனென்றால் வானத்தில் அளவுகோல் கிடையாது. அதற்குக் கை இருக்கிறது. கையை நேரே நீட்டி மூடிய முட்டி சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து மூன்று முட்டி மேலே போய், அதற்கு மேல் இருக்கிற மேகத்தைத்தான் பார்க்க வேண்டும், கீழே பார்த்தால் தள்ளித் தள்ளி நிற்கிற குவியல்கள் கூட ஒட்டிப் போய் விரிப்பு மாதிரி தெரியும். வானம் துண்டு துண்டாக இருந்தால், நீட்டிய கையின் சுண்டு விரலுக்குள் ஒரு துண்டு மறைந்துவிட்டால் அது மிக உயரத்தில் இருக்கிற கீற்றுத் திரள். சுண்டு விரலைத் தாண்டி, சேர்த்து வைத்த மூன்று விரலுக்குள் அடங்கினால் இடைப்பட்ட திரள். மூன்று விரலையும் தாண்டினால் தாழ்வான படைத்திரள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும், கையைக் கீழே போடவே மாட்டார்கள்.


தங்கச்சிமடம் வத்தைக்காரர்
ஜூலை 4, காலை 5.40

சார் சொல்வதை மறுக்கவில்லை, மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் கீற்றுத் திரள், இடைப்பட்ட திரள் என்று எங்கள் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும்? எங்களிடம் சொல் இல்லையா? வெயில் மங்கி வானம் மூடிக்கிடந்தால் மப்பு, மந்தாரம். ஒரே இடத்தில் கறுத்துத் திரண்டால் கருக்கட்டுகிறது என்போம். தூரத்தில் மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் திரை தொங்கினால் மழைக்கால் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அங்கே கொட்டுகிறது. கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்று பெயர், மேகத்துக்கும் தமிழில் கொண்டல் என்ற பெயர் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் மழை கீழ்க்கடலிலிருந்துதானே வருகிறது, அதனால்தான் காற்றுக்கும் மேகத்துக்கும் ஒரே பெயர் பொருந்தி நிற்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா எனக்குப் பெயர் எதையும் கற்றுத் தரவில்லை, கேள்விதான் கேட்பார். எந்தத் திசையிலிருந்து வருகிறது? சற்று முன் பார்த்ததற்கு இப்போது வளர்ந்திருக்கிறதா, கரைந்திருக்கிறதா? அதன் அடி கடலைத் தொடுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் வலையைத் தொட விடமாட்டார்.

டீச்சருக்கு ஒரு யோசனை. உங்கள் பிள்ளைகளில் யார் வீட்டிலாவது கருவாடு காயப் போடுகிறார்களா என்று கேளுங்கள். மணலில் கருவாட்டைப் பரப்பிவிட்டு, அள்ள வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் வீட்டுப் பெண்கள் மத்தியானம் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பொட்டு மழை பட்டாலும் சரக்கு கெட்டுவிடும். ஆம்பிளைகளை விட அவர்களுக்குத்தான் மேகம் நன்றாகத் தெரியும். ஒரு நாள் அங்கே கூட்டிப் போய் அவர்களைப் பேச விடுங்கள்.


புவியியல் வாத்தியார், பரமக்குடி
ஜூலை 4, காலை 8.15

தம்பி, நீங்கள் சொன்ன மூன்று கேள்விகளும் அருமை, நான் பாடம் நடத்திய காலத்தில் கேட்டிருந்தால் அதையே முதல் பாடமாக வைத்திருப்பேன். வளர்கிறதா கரைகிறதா என்பதை எந்தப் படமும் காட்டாது.

ஆனால் ஓர் இடத்தில் உடன்படவில்லை. மப்பு என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வானம் இருக்கிறது. சூரியன் தெரிகிறது, தரையில் நிழலும் விழுகிறது, சூரியனைச் சுற்றி ஒரு வட்டம் கூட இருக்கலாம்: அது மிக உயரத்தில் இருக்கிற கீற்றுப்படை. சூரியன் கழுவாத கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது மாதிரி மங்கலாகத் தெரிகிறது, நிழல் விழவில்லை: அது இடைப்பட்ட படை. சூரியன் எங்கே என்றே தெரியவில்லை, விடாமல் மழை பெய்கிறது: அது கார்படை. காற்றழுத்தத் தாழ்வு நெருங்கும்போது பல நேரம் இந்த மூன்றும் இதே வரிசையில் வரும், அப்போது முதல் மப்பைப் பார்த்தவனுக்கு அடுத்தது என்ன என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்த வரிசை கண்ணில் படாது. அதற்காகத்தான் பெயர். பரீட்சையில் கேட்பார்கள் என்பதும் உண்மை, அதை ஒதுக்க முடியாது, ஆனால் அது இரண்டாம் காரணம்.

நிழல் விழுகிறதா என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூடப் பார்த்துச் சொல்லும். மேலே பார்க்கவே வேண்டாம், தன் காலடியைப் பார்த்தால் போதும்.


கீழக்கரை உம்மா
ஜூலை 4, பிற்பகல் 2.30

எனக்கு வேறு கவலை, இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றைக்கு நானும் மகளும் பாம்பனில் எங்கள் வாப்பா வீட்டில் இருந்தோம். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, அவளைக் கட்டிலின் மேல் உட்கார வைத்துவிட்டுச் சாமான்களை எடுத்து மேலே போட்டோம். அப்போதிலிருந்து வானம் கொஞ்சம் கறுத்தாலும் அவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள், ராத்திரி எழுந்து ஜன்னலைப் பார்க்கிறாள். பிள்ளைக்கு மேகங்களைச் சொல்லிக் கொடுத்தால் பயம் கூடுமா குறையுமா?


தங்கச்சிமடம் வத்தைக்காரர்
ஜூலை 4, மாலை 6.10

குறையும் தங்கச்சி, தயங்காமல் சொல்லிக் கொடுங்கள். எங்கள் ஆச்சி 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலைக் கண்டவர். மார்கழி பிறந்து வானம் இருண்டால் எங்களை எல்லாம் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார், நாங்கள் இருட்டுக்குள் உட்கார்ந்து இன்னும் பயப்படுவோம். அப்பாதான் கதவைத் திறந்து வெளியே கூட்டிப் போய் இது என்ன, அது என்ன என்று காட்டுவார். எது பயப்பட வேண்டிய கறுப்பு, எது சும்மா கறுப்பு என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

மேகம் கறுப்பாகத் தெரிவதற்கு அது தடிமனாக இருப்பதும் காரணம், சூரியன் அதற்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் காரணம். இந்த மாதத்தில் சாயங்காலம் மேற்கே கறுத்து நிற்கிற அதே மேகம் நம் தலையைத் தாண்டிக் கிழக்கே போய், வெயில் அதன் முகத்தில் விழுந்ததும் வெள்ளையாகத் தெரியும். இதை ஒரு நாள் அவளுக்குக் காட்டுங்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று, உயரமாக வளர்கிறது. அதற்கு அடையாளம் எங்கள் தீவுப் பிள்ளைக்குச் சொல்வது சுலபம்: உடை மரம். ராமேசுவரம் தீவு முழுக்க நிற்கிறதே, தண்டு மேலே போய் உச்சி தட்டையாகக் குடை விரித்த மாதிரி. சித்திரை வைகாசியில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மேற்கே தரைப்பக்கம் பாருங்கள், குவியல் ஒன்று கிளம்பி வளர்ந்து வளர்ந்து உச்சியில் உடை மரம் மாதிரி பரவும். அப்படிப் பரவிவிட்டால் அதில் இடி மின்னல் உண்டு, சூறைக்காற்று உண்டு.

அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மின்னல் வெட்டியதும் எண்ணச் சொல்லுங்கள், இடி கேட்கும் வரை. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வீட்டுக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக்கூடாது. எண்ணுகிற பிள்ளைக்குப் பயப்பட நேரம் இருக்காது.


உச்சிப்புளி மாணவன்
ஜூலை 4, இரவு 9.45

நான் இயற்பியல் படிக்கிறேன். டீச்சர் சொன்ன பனிப் பிரச்சினைக்கு மட்டும் சொல்கிறேன். தமிழில் பனி என்றால் வாசலில் விழுவதும் அதுதான், இமயமலையில் இருப்பதும் அதுதான், அதனால் குழப்பம் வரத்தான் செய்யும். மண்டபம் பிள்ளைகளிடம் ஐஸ் தூள் என்று சொல்லுங்கள், மீன் பெட்டியில் போட ஐஸ் பாரை அரைக்கிறார்களே, அதை விட மெல்லிய தூள். தரையில் 33 டிகிரி இருந்தாலும் ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். நம் ஊருக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டரிலேயே தண்ணீர் உறையும் குளிர் வந்துவிடும், கீற்று மேகம் அதற்கும் மேலே இருக்கிறது.

ஆவி என்ற சொல்லிலும் இதே சிக்கல். இட்லிப் பானையிலிருந்து வெள்ளையாக வருவதை நாம் ஆவி என்கிறோம். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டிலின் மூக்கைக் கவனியுங்கள், மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு விரல்கடை காலியாக இருக்கும், அங்கேதான் நீராவி இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து உண்டான துளிகள். மேகமும் அதுதான், ஆவி இல்லை, துளி.

பாட்டிலில் மேகம் செய்து காட்டலாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள், பற்ற வைத்த ஊதுபத்தியின் புகையைச் சிறிது உள்ளே விட்டு மூடி, நன்றாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். விட்டதும் உள்ளே மூட்டம் வரும், அமுக்கினால் மறையும். காற்று விரிந்தால் குளிரும், குளிர்ந்த ஆவி ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும், அதற்குத்தான் புகை. முதலில் புகை இல்லாமல் செய்து காட்டுங்கள், கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. நம் கடலுக்கு மேலே அந்தத் தூசி வேலையை அலையிலிருந்து தெறிக்கிற உப்பும் செய்கிறது. தீக்குச்சியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மேகத்தின் எடை. நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் இருக்கிற சாதாரணத் திரள் மேகத்தில் ஏறக்குறைய 500 டன் தண்ணீர் இருக்கும். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 50 லாரி. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் அதை இப்படிச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.


மண்டபம் மாலை வகுப்பு
ஜூலை 9, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

சார்ட்டைக் கழற்றிவிட்டேன். தினமும் சரியாக மாலை ஐந்தரைக்கு முற்றத்தில் பாய் விரித்து எல்லோரும் மேற்குச் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறோம், பத்து நிமிஷம் பேசக்கூடாது, பிறகு சொல்ல வேண்டும். முதல் நாள் பத்து நிமிஷம் நீளமாக இருந்தது. மூன்றாம் நாள் போதவில்லை என்றார்கள்.

குவியல், விரிப்பு, இழை மூன்றும் இரண்டே நாளில் வந்துவிட்டது. சுண்டு விரல் அளவு சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்துப் போய்விட்டது, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடைப்பட்ட திரளைப் பார்த்து "கடல் வத்தின பிறகு மணலில் வரி வரியாக இருக்குமே, அது டீச்சர்" என்றாள். அதை விடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது, அப்படியே பெயரோடு நோட்டில் எழுதச் சொன்னேன்.

நான் கேட்க வந்தது இதுதான். நேற்று கீழே சின்னச் சின்னக் குவியல்கள் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு கிழக்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே இழைகள். நான்காம் வகுப்புப் பையன், சார்ட்டைக் குறை சொன்னானே அவன்தான், "மேலே இருக்கிறது மேற்கே போகுது டீச்சர்" என்றான். கீழே இருப்பது ஓடுவதால் மேலே இருப்பது எதிரே போவது மாதிரி தோன்றும், ரயிலில் போகும்போது மரம் ஓடுகிற மாதிரி, என்று சொல்லிவிட்டேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அதையே சொல்கிறான். யார் சரி?


உச்சிப்புளி மாணவன்
ஜூலை 9, இரவு 9.30

அவன்தான் சரி டீச்சர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை நம் தலைக்கு மேலே இரண்டு காற்று எதிரெதிராக ஓடுகிறது. கீழே தென்மேற்குப் பருவக்காற்று. சுமார் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே மிக வேகமாக ஓடும் காற்று, வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று பெயர். தென்னிந்தியாவுக்கு மேலே இந்த மாதங்களில் அது பலமாக இருக்கும். மிக உயரத்தில் இருக்கிற கீற்று மேகங்கள் அதோடு போகும்.

நீங்கள் சொன்ன ரயில் உதாரணமும் நடக்கிறதுதான், அதனால் சந்தேகம் வந்தது நியாயம். அசையாத ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், விளக்குக் கம்பமோ கூரையின் விளிம்போ. கம்பத்தின் உச்சிக்கு நேராக ஓர் இழையைப் பிடித்து வைத்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். உயரம் அதிகம் என்பதால் மெதுவாகப் போவது போலத் தெரியும், பொறுமை வேண்டும்.


மண்டபம் மாலை வகுப்பு
ஜூலை 10, இரவு 8.15

கம்பத்தை வைத்துப் பார்த்தோம். மேற்கேதான் போகிறது. எல்லோர் முன்னாலும் அவனிடம் நான் சொன்னது தவறு, நீ சொன்னது சரி என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருட்டும் வரை கம்பத்தடியிலேயே நின்றான்.


வாலிநோக்கம் உப்பு
ஜூலை 10, இரவு 10.20

உப்பளத்தில் வேலை செய்கிறேன். நாங்களும் மேகம் பார்க்கிறவர்கள்தான், பாத்தியில் உப்பு பூத்து வாருவதற்குள் ஒரு மழை விழுந்தால் அத்தனையும் கரைந்துவிடும். எங்கள் அம்மா நிலாவைப் பார்த்துச் சொல்வார், "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்று. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? இல்லை, பழைய கதை என்று விட்டுவிட வேண்டுமா?


புவியியல் வாத்தியார், பரமக்குடி
ஜூலை 11, காலை 7.50

கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஆனால் பார்த்துச் சோதிக்கும்படி சொல்லுங்கள். உங்கள் அம்மா சொன்னதில் இரண்டு வேறு வட்டங்கள் இருக்கின்றன. கையை நீட்டி விரல்களை அகல விரித்து, சுண்டு விரல் நுனியை நிலாவின் மேல் வைத்தால் கட்டை விரல் நுனி தொடுகிற தூரத்தில் ஒரு பெரிய வட்டம் இருக்கும், 22 டிகிரி. கீற்றுப்படை மேகத்தின் ஐஸ் படிகங்களில் வெளிச்சம் ஒடிந்து வருவது அது. உயரத்தில் கீற்றுப்படை பரவுவது, பின்னால் பெரிய மழை மேகக் கூட்டம் ஒன்று வரலாம் என்பதற்கு அறிகுறி. அதனால் எட்ட வட்டம் கிட்ட மழை என்பதில் நியாயம் இருக்கிறது. நிலாவை ஒட்டிக்கொண்டு, ஓரம் சிவந்த சின்ன வட்டம் வேறு. அது மெல்லிய மேகத்தின் தண்ணீர்த் துளிகளால் வருவது, அதற்கும் மழைக்கும் பெரிய தொடர்பு கிடையாது.

எல்லாத் தடவையும் பலிக்காது. ஆனி ஆடியில் நம் பக்கம் வட்டம் தெரிந்தும் ஒரு சொட்டு விழாமல் போகும், இங்கே மழையில் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில்தான். அதனால் நோட்டில் ஒரு பக்கம் வட்டம் பார்த்த நாள், எதிர்ப்பக்கம் அடுத்த இரண்டு நாளில் மழை வந்ததா இல்லையா என்று எழுதட்டும். ஒரு வருஷம் எழுதினால் சொல்வழக்கு எந்த மாதத்தில் நிற்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

வட்டத்தை நிலாவில்தான் பார்க்க வேண்டும். சூரியனில் பார்க்க எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள், கருப்புக் கண்ணாடி போட்டாலும் கூடாது.


தங்கச்சிமடம் வத்தைக்காரர்
ஜூலை 11, மாலை 7.00

சார் சொன்ன நிழல் சோதனையை நான்கு நாளாகக் கடற்கரையில் செய்து பார்க்கிறேன். மப்பு மூன்று வகை என்பது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். என் மகனுக்கும் சொன்னேன்.

டீச்சருக்கு ஒரு வேண்டுகோள், மேகம் தெரிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு பாம்பனில் ஏற்றுகிற புயல் கூண்டை அலட்சியம் செய்துவிடக் கூடாது. நம் கண்ணுக்கு எட்டுவது கொஞ்ச தூரம். புயல் எங்கேயோ நடுக்கடலில் இருக்கும்போது நம் வானம் பளிச்சென்று இருக்கும், அன்றைக்கும் கூண்டு ஏறியிருந்தால் போகக்கூடாது. கூண்டில் என்ன எண் ஏறியிருக்கிறது என்பதையும் மேகம் எழுதுகிற அதே நோட்டில் எழுதட்டும்.


மண்டபம் மாலை வகுப்பு
ஜூலை 18, இரவு 9.00

அண்ணே, சேர்த்துவிட்டேன். நோட்டில் இப்போது நேரம், குவியலா விரிப்பா இழையா, எந்தத் திசை, நிழல் உண்டா, வளர்கிறதா கரைகிறதா, கூண்டு எண் என்று இருக்கிறது. ஏழாம் வகுப்புக்காரர்கள் மட்டும் பக்கத்தில் புத்தகப் பெயரையும் எழுதுகிறார்கள், சின்னவர்கள் அவர்களைப் பார்த்துத் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கீற்று என்றால் என்ன என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதுவது வானிலை ஆய்வு நிலையங்களில் வழக்கம் என்று படித்தேன், அதையும் சேர்த்தோம். பின்னம் போடத் தெரியாமல் இருந்த இரண்டு பேர் எட்டில் மூன்று, எட்டில் ஐந்து என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், இது நான் எதிர்பார்க்காதது.

கருவாடு போடும் இடத்துக்கும் போனோம். அங்கே ஒரு அக்கா பிள்ளைகளிடம் மேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தன் பக்கத்தில் உட்கார வைத்து "அள்ளவா வேண்டாமா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். மேற்கே ஒரு குவியல் நின்றது. பிள்ளைகள் பதினைந்து நிமிஷம் பார்த்துவிட்டு, கரைகிறது, வேண்டாம் என்றார்கள். அவர் அள்ளவில்லை. மழை வரவில்லை. திரும்பி வரும்போது யாரும் சத்தம் போடாமல் நடந்தார்கள்.


கீழக்கரை உம்மா
ஜூலை 20, காலை 10.40

நானும் எழுத வேண்டும் என்று இருந்தேன். தினமும் மொட்டை மாடியில் அவளோடு உட்காருகிறேன். பாட்டில் மேகம் செய்தோம், ஒன்றுக்கு இருபது தடவை அமுக்கி அமுக்கி வரவழைத்து மறைய வைத்தாள், தன் கையால் மேகத்தை இல்லாமல் ஆக்க முடிந்தது அவளுக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது என்று நினைக்கிறேன். சாயங்காலம் மேற்கே கறுத்து நின்ற மேகம் தலையைத் தாண்டியதும் வெள்ளையானதையும் பார்த்துவிட்டாள், வத்தைக்காரக் காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரியே.

முந்தாநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு நான் எழுந்தபோது அவள் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். வானம் முழுக்கச் சாம்பல் நிறம். எனக்குப் பக்கென்றது. அவள் திரும்பிப் பார்த்து, "விரிப்புதான் உம்மா. உடை மரம் இல்லை. இடி இடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.


புவியியல் வாத்தியார், பரமக்குடி
ஜூலை 20, பகல் 12.15

அம்மா, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்த மாதத்துக்கு அவள் சொன்னது பொருந்தும். ஐப்பசி பிறந்தால் விரிப்பு மேகத்துக்கு உள்ளேயே இடி மின்னல் தருகிற கார்திரள் மறைந்து நிற்கும், உடை மரம் வெளியே தெரியாது. அப்போது கண்ணோடு காதையும் வைத்துக்கொள்ள வேண்டும், வத்தைக்காரத் தம்பி சொன்ன எண்ணிக்கையையும்.


கீழக்கரை உம்மா
ஜூலை 20, பகல் 12.40

சரி சார். எண்ணிக்கை அவளுக்கு இப்போதே மனப்பாடம். மறைந்து நிற்பதைப் புரட்டாசி கடைசியில் சொல்லிக்கொள்கிறேன், அதுவரைக்கும் தூங்கட்டும்.